பழைய இணைப்பை முதலில் துண்டிக்காதீர்கள்

கடந்த சில மாதங்களாக அம்மாவால் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி தொலைபேசியில் பேச முடியாமல் போய்விட்டது. அழைப்பு வந்தால் தைத்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, வாசல் வரை வந்து நின்றால்தான் எதிர்முனையில் இருப்பவரின் குரல் கேட்கும். அதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் கார்டு போட்ட என்னுடைய கைபேசியில், அதே அறையில், அதே நாற்காலியில் சிக்னல் முழுதாக இருந்தது. நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "நம்பர் போயிடாதுல்ல?" என்பதுதான்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். 19 ஆண்டுகளாக அம்மாவிடம் இருக்கும் எண் அது. அவரிடம் தைக்கக் கொடுத்தவர்கள், அவர்களுடைய மகள்கள், வெவ்வேறு இடங்களுக்குக் குடிபோய்விட்டவர்கள் என்று யார் யாரிடமோ அது இருக்கிறது. துணியை வாங்கிக்கொண்டு, என்றைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கும்போது, அதன் கீழ்மூலையில் தன் எண்ணையும் எழுதுவது அவருடைய பழக்கம். அந்தத் துண்டுத்தாள்களை எல்லாம் இனித் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. புதிய எண்ணை எல்லோருக்கும் தெரிவித்துவிட்டால் போயிற்று என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். யாருடைய எண் நம்மிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் நம்மால் தெரிவிக்க முடியும். நம்முடைய எண்ணை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கே தெரியாது.

எண்ணை விடாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வாடகை வீடு மாறும்போது பழைய வீட்டின் கணக்கை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் புதிய வீட்டுக்குப் போவதைப் போலத்தான் இதுவும் இருக்கும் என்று நினைத்து, பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்து, இந்த மாதக் கடைசியோடு இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் பேசிய இளைஞர் சற்று நேரம் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "சார், இந்த கனெக்‌ஷன் நீங்க சொல்ற பேர்ல இல்ல. யார் பேர்ல இருக்கோ அவங்களே கேட்டாத்தான் கட் பண்ண முடியும்" என்றார். அது மாமாவின் பெயரில் இருந்தது. அம்மாவுக்கு முதல் கைபேசியை வாங்கிக் கொடுத்தவர் அம்மாவின் அண்ணன்தான். தன்னுடைய அடையாள ஆவணத்தைக் கொடுத்து அவரே இணைப்பையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். 19 ஆண்டுகளாக அம்மா தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த எண், ஏட்டில் மாமாவின் எண்ணாக இருந்திருக்கிறது.

அந்த இளைஞரிடம் நான் கடுமையாகப் பேசிவிட்டேன். மாதாமாதம் பணம் கட்டுவது நாங்கள், பயன்படுத்துவது அம்மா, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாக அதே பதிலைத் திரும்பச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் புதிய நிறுவனத்தின் கிளைக்குச் சென்று, அங்கிருந்த பெண்மணியிடம் நடந்ததைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோது, அவர் எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "நல்லவேளை சார், அவங்க கட் பண்ணல. பண்ணியிருந்தா நாங்க எடுத்துக்கிறதுக்கு நம்பரே இருந்திருக்காது" என்றார். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். என்னைப் போலவே நினைத்துக்கொண்டு பழைய இணைப்பை முதலில் துண்டித்துவிடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுடைய இணைப்பு அவர்கள் பெயரிலேயே இருக்கும் என்பதால், தடுத்து நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

எண்ணோடு மாறுவது என்பது, பழைய நிறுவனத்தை விட்டு நாம் வெளியேறுவதும் பிறகு புதிய நிறுவனத்தில் சேர்வதுமான இரண்டு தனிக் காரியங்கள் அல்ல. புதிய நிறுவனம் நம் சார்பில் பழைய நிறுவனத்திடமிருந்து எண்ணைக் கேட்டு வாங்குகிறது. அப்படி வாங்குவதற்கு எண் உயிரோடு இருக்க வேண்டும், அதாவது இணைப்பு நடப்பில் இருக்க வேண்டும். எண் புதிய நிறுவனத்துக்குக் கைமாறும்போது பழைய இணைப்பு தானாகவே முடிவுக்கு வந்துவிடும்; அதைத் தனியாகத் துண்டிக்கச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை.

நாமே முந்திக்கொண்டு துண்டித்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, எண் யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்க்க வேண்டும். பொதுவாக எந்த நாட்டிலும் தொலைபேசி எண் வாடிக்கையாளருக்கும் சொந்தமில்லை, நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. நாட்டின் எண் திட்டத்திலிருந்து நிறுவனங்களுக்குத் தொகுதி தொகுதியாக எண்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. இணைப்பைத் துண்டிக்கும்போது அந்த உரிமை முடிந்து எண் திரும்பிப் போகிறது; சில காலம் சும்மா கிடந்துவிட்டு வேறொருவருக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 45 நாள்களுக்கு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு கொண்டுவந்த மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத்தொகுப்பு இதில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தம் முடிந்த பிறகும் குறைந்தது 1 மாதத்துக்கு எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்கிறது. என்னைப் போல வரிசை தெரியாமல் செய்துவிடுபவர்களைக் காப்பாற்றும் விதி அது. எல்லா நாடுகளிலும் அப்படி ஒரு விதி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் நாட்டில் இல்லையென்றால், துண்டித்த எண்ணைத் திரும்பப் பெறுவது பழைய நிறுவனம் மனம் வைப்பதைப் பொறுத்தது. அதையும் மறுநாளே போய்க் கேட்டால்தான் உண்டு.

எண் இப்படி நிறுவனம் விட்டு நிறுவனம் போக முடியும் என்பதே தொலைபேசியின் வரலாற்றில் மிகச் சமீபத்திய ஏற்பாடு. தொடக்கத்தில் எண் என்பது ஒரு முகவரி, அதிலும் உலோகத்தால் ஆன முகவரி. ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறையிலிருந்து வளர்ந்த கருவிகளில், நாம் சுழற்றும் இலக்கங்கள் ஓர் உலோகத் தண்டைச் சில படிகள் மேலே ஏற்றி, பிறகு சில படிகள் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும். 7 என்று சுழற்றினால் உண்மையாகவே ஏழு படி நகரும். முதல் சில இலக்கங்கள் எந்த இணைப்பகம், அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் எந்த நிலையம் என்பதையும், அடுத்தவை அங்கே எந்தக் கம்பி என்பதையும் காட்டின. அந்தக் கம்பி எந்த வீட்டில் போய் முடிகிறதோ அந்த வீட்டின் எண் அது. அதை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்பதற்கே அன்று பொருள் இல்லை.

கணினிகள் இணைப்பகங்களுக்குள் வந்த பிறகுதான், எண்ணையும் அது போய்ச் சேரும் இடத்தையும் பிரித்து வைக்க முடிந்தது. அமெரிக்காவின் 800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் 1993இல் நிறுவனம் மாறத்தக்கவை ஆயின. விளம்பரங்களில் அச்சிட்ட எண்ணை விட முடியாமல், பிடிக்காத நிறுவனத்திலேயே இருந்துகொண்டிருந்த வணிகர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்திருக்கும். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதே வசதியை உள்ளூர்த் தொலைபேசி எண்களுக்கும் கட்டாயமாக்கியது. கைபேசியில் முதலில் செய்தது சிங்கப்பூர், 1997இல். அது ஓர் அழைப்புத் திருப்பல் ஏற்பாடாகத்தான் இருந்தது. எண்ணை முழுமையாக மாற்றும் முறை அங்கே 2008இல் வந்தது. 1999இல் ஹாங்காங்கும் பிரிட்டனும் நெதர்லாந்தும், 2001இல் ஆஸ்திரேலியாவும், 2003 நவம்பரில் அமெரிக்காவும், 2006இல் ஜப்பானும் கைபேசிகளுக்கு இதைக் கொண்டுவந்தன. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து, அதாவது ஒரு சேவைப் பகுதியிலிருந்து, இன்னொரு வட்டத்துக்கு எண்ணோடு மாறும் வசதி 2015 ஜூலையில்தான் கிடைத்தது. இந்த நாடுகள் எதிலும் இது நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விடப்படவில்லை. சட்டமும் ஒழுங்குமுறை அமைப்புகளும்தான் இதைக் கட்டாயமாக்கின. எண்ணை விட மனமில்லாத வாடிக்கையாளர், சேவை எவ்வளவு மோசமானாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார் என்பது அந்த அமைப்புகளுக்குத் தெரிந்திருந்தது. வாசல் வரை நடந்து வந்து பேசிய அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

இன்று ஒருவர் நம் எண்ணை அழைக்கும்போது என்ன நடக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில், மாறிய எண்கள் எல்லாம் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கின்றன என்ற விவரம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. அழைப்பு புறப்படும் போதே அதைப் பார்த்து, சரியான நிறுவனத்துக்கு நேராக அனுப்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் கடைப்பிடிக்கும் முறையில், எண் முதன்முதலில் எந்த நிறுவனத்தின் தொகுதியிலிருந்து வந்ததோ அந்த நிறுவனத்துக்கே அழைப்பு முதலில் போகிறது. அது பார்த்துப் புதிய நிறுவனத்துக்குத் தள்ளிவிடுகிறது. நாம் விட்டு வந்த நிறுவனத்தின் வாசல் வழியாகவே நம்முடைய ஒவ்வோர் அழைப்பும் காலகாலத்துக்கும் வந்துகொண்டிருக்கும் என்பது எனக்குச் சரியாகப்படவில்லை. அந்த நிறுவனத்தின் கருவிகள் பழுதானால், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத நாமும் அழைப்புகளை இழப்போம்.

இந்த நுணுக்கம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். மாறும் நாளில் இது கண்முன்னால் வந்து நிற்கும். எண் மாறிய செய்தி எல்லா நிறுவனங்களின் கருவிகளுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்வதில்லை. புதிய சிம் கார்டு உயிர்பெற்று நம்மால் எல்லோரையும் அழைக்க முடியும் நிலையிலும், சிலர் நம்மை அழைத்தால் கிடைக்காமல் போகும். அழைப்பு வரும், குறுஞ்செய்தி வராது. குறுஞ்செய்திகள் குரல் அழைப்புகளின் வழியில் போவதில்லை என்பதால் அவை சற்றுப் பின்தங்கி வருவது உண்டு. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். இது தெரியாதவர்கள் பதறிப்போய் இரண்டு நிறுவனங்களையும் மாறி மாறி அழைத்து அலைக்கழிகிறார்கள்.

எப்படித் தொடங்குவது என்பதிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. சில நாடுகளில் புதிய நிறுவனத்திடம் போய்ச் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேறு சில நாடுகளில் பழைய நிறுவனத்திடமிருந்து ஒரு குறியீட்டை நாம் பெற்றுக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, நம் எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வருகிறது. அது பெரும்பாலான இடங்களில் 4 நாள்களுக்கே செல்லும். பிரிட்டனில் 2019 ஜூலை முதல் 'பிஏசி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075க்கு அனுப்பினால் குறியீடு வந்துவிடுகிறது. அது 30 நாள்கள் செல்லும். அதற்கு முன்பு பழைய நிறுவனத்தை அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் அவர்கள் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஏன் போகிறீர்கள், இதைக் குறைத்துத் தருகிறோம், அதைக் கூட்டித் தருகிறோம் என்று பேசிப் பேசியே நிறுத்திவைப்பார்கள். ஒரு குறுஞ்செய்தியில் முடியும் காரியமாக அதை மாற்றியது நல்ல வேலை. அமெரிக்காவில் பழைய நிறுவனத்தின் கணக்கு எண்ணும், அதற்குரிய ரகசிய எண்ணும் வேண்டும். நாம் தினமும் கைபேசியைத் திறக்கப் பயன்படுத்தும் எண் அல்ல அது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னே சொன்ன 1 மாத உரிமை போன்ற விதி இல்லாத இடங்களில், பழைய இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தால் இந்தக் குறியீடு எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் செல்லாது.

எங்கள் விஷயத்தில் குறியீடு வரை போகவே இரண்டு வாரம் ஆகிவிட்டது, பெயரால். மாறுவதற்கான கோரிக்கைகள் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு: பாக்கி இருக்கும், ஒப்பந்த காலம் முடிந்திருக்காது, இணைப்பு எடுத்துப் போதிய நாள்கள் ஆகியிருக்காது, வேறு ஏதோ மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருக்கும். இவற்றிலும் விதிகள் ஒரே மாதிரி இல்லை. இந்தியாவில் போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருந்தால் கோரிக்கை நின்றுவிடும். அமெரிக்காவில் பாக்கி இருந்தாலும் எண்ணைத் தர மறுக்கக் கூடாது, பணத்தைத் தனியாகத்தான் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெயர்தான் மிகவும் சோதிக்கிறது. அதிலும் நம்முடைய பெயர்கள். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், குறையும். படிக்கும் மனிதருக்கு மூன்றும் ஒருவரே என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு மூன்றும் மூன்று பேர். ஆகவே கோரிக்கை கொடுப்பதற்கு முன்பே பழைய நிறுவனத்தின் பில்லையோ கணக்குப் பக்கத்தையோ எடுத்துப் பார்த்து, அதில் பெயரும் முகவரியும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே, பிழையாக இருந்தால் அந்தப் பிழையோடேயே, புதிய விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அல்லது முதலில் பழைய இடத்தில் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தம் ஏறிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு பிறகு கேட்க வேண்டும்.

வேறொருவர் பெயரில் இருக்கும் இணைப்பை முதலில் பழைய நிறுவனத்திலேயே நம் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது. மாமாவை அழைத்து விவரத்தைச் சொன்னேன். அவருக்கே மறந்து போயிருந்தது. "அது என் பேர்லயா மாப்ளே இருக்கு இன்னும்?" என்று வியந்தவர், மறுநாளே தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் விட்டுக்கொடுக்கிறேன் என்றும் ஒருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் கையெழுத்துப் போட்டார்கள். இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் யாருடைய எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அண்ணன் பெயரில் தங்கையின் எண், வேலையை விட்டுவிட்ட நிறுவனத்தின் பெயரில் நம் எண், மறைந்துபோன ஒருவரின் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எண் என்று ஏதாவது ஒன்று அகப்படும். பெயர் கொடுத்தவர் நடமாட்டத்தோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிவது, அவர் இல்லாத காலத்தில் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றுமாக அலையும் வேலையாகிவிடும். எங்களுக்கு மாமா இருந்தார்.

எண்ணோடு சேர்ந்து வராதவை எவை என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்தோம். பிரீபெய்டு கணக்கில் மீதமுள்ள தொகை வராது. குரலஞ்சல் பெட்டியில் கிடக்கும் பதிவுகள் வராது. வேண்டியவை இருந்தால் முன்பே கேட்டு வேறெங்காவது பதிந்துகொள்ள வேண்டும். சிம் கார்டின் நினைவகத்திலேயே சேமித்த பெயர்கள் அந்த அட்டையோடு போய்விடும். அம்மாவின் பழைய சிம்மில் அப்படி 40க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன, 'நீலப் பட்டு', 'மாடி வீட்டுக் குழந்தை' என்று அவருக்கு மட்டும் புரியும் பெயர்களில். அவற்றை ஒவ்வொன்றாகக் கைபேசிக்கு மாற்றினேன். கைபேசியைத் தவணையில் நிறுவனத்திடமே வாங்கியிருந்தால் மீதித் தவணை மொத்தமாகக் கேட்கப்படலாம். அந்தக் கைபேசி வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கவும் கூடும். வாட்ஸ்அப் எண்ணை அடையாளமாகக் கொண்டு இயங்குவது. எண் அதே எண் என்பதால் அதில் எதையும் தொட வேண்டியதில்லை. லேண்ட்லைன் எண்ணை மாற்றுபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அதே கம்பியில் இணையமும் வந்துகொண்டிருந்தால், எண் போகும்போது இணையமும் நின்றுவிடலாம். ஆகவே இணையத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கோரிக்கையே கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை ஓடிபி. வங்கி முதல் மின்னஞ்சல் வரை எல்லாமே இன்று இந்த எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்பி நம்மை அடையாளம் காண்கின்றன. எண் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் அந்தச் சில மணி நேரத்தில் எந்தக் குறியீடும் நமக்கு வராமல் போகலாம் என்பதால், பயணம் புறப்படும் நாளிலோ, பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளிலோ மாறக் கூடாது. அதைவிட அச்சமூட்டுவது, நாம் கேட்காமலே நம் எண் கைமாறுவது. நம் பெயரையும் விவரங்களையும் திருடியவர் நம்மைப் போல நடித்து எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால், எல்லாக் குறியீடுகளும் அவருக்கே போகும். அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2017இலேயே, குறுஞ்செய்தி வழியாக அனுப்பும் குறியீட்டைக் கட்டுப்பாடுகளோடு மட்டும் பயன்படுத்த வேண்டிய முறைகளில் சேர்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2020 முதல், எண்ணை மாற்றுவதற்கு முன் அதைக் கேட்பவர் உரியவர்தானா என்று கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பது கட்டாயம். இந்தியாவில் 2024 ஜூலை முதல், சிம் கார்டு மாற்றி 7 நாள்கள் ஆகாத எண்ணுக்கு மாறுவதற்கான குறியீடு தரப்படுவதில்லை.

அன்று சேவை மையத்து இளைஞர் எனக்கு மறுத்ததையும் இப்போது நான் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். பெயர் சரியில்லை என்று ஒருவர் உறுதியாக நின்றதால்தான் எங்கள் எண் பிழைத்தது. அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்கள் கைபேசியில், நீங்கள் எதையும் கேட்காமலே, மாறுவதற்கான குறியீடு என்று ஒரு செய்தி வந்தால் அதை யாருக்கும் சொல்லாதீர்கள். காரணமில்லாமல் சிக்னல் முழுவதும் போய்த் திரும்பாமல் இருந்தால், கோபுரம் பழுது என்று காத்திருக்காமல் வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். சில நிறுவனங்கள் எண்ணைப் பூட்டி வைக்கும் வசதியைத் தருகின்றன. இருந்தால் போட்டுவைத்துவிட்டு, மாறும் நாளில் மட்டும் எடுத்துவிடலாம்.

மாறும் நாள் குறித்துச் செய்தி வந்தது. அன்று தைக்கும் வேலையை அம்மா மதியம் வரை ஒத்திவைத்தார். பழைய சிம் அவருடைய கைபேசியில் இருந்தது, புதிய சிம்மை என் பழைய கைபேசியில் போட்டு இரண்டையும் எந்திரத்தின் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காலை 11 மணிக்குச் சற்று முன்பு அம்மாவின் கைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அல்ல, ஒரேயடியாக மறைந்து 'சேவை இல்லை' என்று வந்தது. மற்றதிலும் ஒன்றும் இல்லை. இரண்டு கைபேசியிலும் எண் இல்லாமல் இருந்த அந்த நேரம் 25 நிமிடம். அம்மா நூல்கண்டுகளை எடுத்து நிறம் வாரியாக அடுக்குவதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு புதிய சிம் இருந்த கைபேசியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் கோடுகள் முழுதாக நின்றன. என் கைபேசியிலிருந்து அழைத்தேன், மணி அடித்தது. வேறு நிறுவனத்தில் இருக்கும் மாமாவை அழைக்கச் சொன்னேன். முதல் இரண்டு முறை, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற பதிவுக் குரல்தான் அவருக்குக் கேட்டது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. சாயங்காலம் அவரே அழைத்தார், அம்மா எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே எடுத்துப் பேசினார்.

அதற்குப் பிறகுதான், தாமதமாகப் புறப்பட்ட ஒரு குறுஞ்செய்தி வந்து சேர்ந்தது. எண் மாற்றம் முடிந்தது என்று தெரிவிக்கும் வழக்கமான செய்தி; எண்ணும், அதற்குக் கீழே வாடிக்கையாளரின் பெயரும். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு சேர்த்துப் படித்துவிட்டு, "இத மாமாவுக்கும் அனுப்பி வைப்பா" என்றார்.